தங்கப்பதக்கத்திலிருந்து உதிரிப்பூக்கள் வரை: சாத்தான்குளத்திலிருந்து மகேந்திரனைப் பார்த்தல்

இயக்குநர் மகேந்திரனைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'முள்ளும் மலரும்' (1978) படத்திலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பிறருக்காக எழுதிய கதை வசனங்களைப் பிழைப்புக்குச் செய்த வேலை என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாங்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசி வந்தோம். வெகுசன சினிமாவிலிருந்து கலைக்கு வந்து சேர்ந்தவர் என்ற சித்திரம் எங்களுக்கும் வசதியாகவே இருந்தது. ஆனால் 'தங்கப்பதக்கம்' (1974) படத்தை அவ்வாறு தாண்டிச் செல்ல இப்போது எங்களால் இயலவில்லை. நாங்கள் சாத்தான்குளத்துக்காரர்கள் என்பதே காரணம்.

முன்பெல்லாம் வெளியூர் இலக்கியக் கூட்டங்களில் ஊர்ப்பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு எழும். சாத்தன் என்பது பழந்தமிழ்ப் பெயர், சீத்தலைச் சாத்தனாருக்கும் அதே பெயர்தான் என்று விளக்க வேண்டியிருக்கும். 2020 ஜூன் மாதத்துக்குப் பின் எவரும் சிரிப்பதில்லை. ஊரடங்குக் காலத்தில் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட ஒரு தந்தையும் மகனும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்த ஊர் என்பதாக அது நாடெங்கும் அறியப்பட்டுவிட்டது. எங்கள் கடைத்தெருவில் தினமும் கண்ட முகங்கள் அவை. அந்த நிகழ்வைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. அதற்கு விசாரணையும் நீதிமன்றமும் இருக்கின்றன. நாங்கள் எழுத விரும்புவது, அதன்பின் எங்களுக்குப் பார்க்க முடியாமல் போன ஒரு படத்தையும், மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கிற இன்னொரு படத்தையும் பற்றி. இரண்டும் ஒரே மனிதரின் பேனாவிலிருந்து வந்தவை.

1

மகேந்திரனின் இயற்பெயர் ஜே. அலெக்ஸாண்டர். 1939இல் இளையான்குடியில் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் படித்தபோது, அங்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். முன்னிலையில் தமிழ்ச் சினிமாவின் செயற்கைத்தனத்தைத் தாக்கிப் பேசினார். கல்லூரியில் காதலிப்பவர்கள் ஊருக்கும் வீட்டுக்கும் அஞ்சி ஒளிய வேண்டியிருக்கிறது, திரையிலோ காதலர்கள் ஊரறியப் பாடித் திரிகிறார்கள் என்பது அந்தப் பேச்சின் சாரம். சிறந்த விமர்சகராக வரத் தகுதியுள்ளவர் என்று எம்.ஜி.ஆர். பாராட்டினார். பின்னர் சட்டம் படிக்கச் சென்னைக்கு வந்து, பணமின்றிப் படிப்பைக் கைவிட்டு, 'இனமுழக்கம்' இதழில் திரைவிமர்சனம் எழுதினார். 'பொன்னியின் செல்வ'னுக்குத் திரைக்கதை எழுதும் பணியை எம்.ஜி.ஆர். அவரிடம் அளித்தார். அந்தப் படம் அன்று எடுக்கப்படவில்லை. 'நாம் மூவர்' (1966), 'நிறைகுடம்' (1969) எனப் பிறருக்கு எழுதலானார். சோ நடத்திய 'துக்ளக்'கிலும் திரைவிமர்சனம் எழுதினார். தாம் விரும்பிச் சினிமாவுக்கு வந்தவரல்லர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

விமர்சகராக எதைத் தாக்கினாரோ அதையே வசனகர்த்தாவாக எழுத நேர்ந்தவர் அவர். இந்த முரணை அவர் மறைக்கவில்லை. 'சினிமாவும் நானும்' நூலைப் படித்தவர்கள் இதை அறிவர். எங்கள் கேள்வி வேறு. விருப்பமின்றி எழுதியது, எழுதியவனை விட்டு நீங்கிவிடுகிறதா?

2

'தங்கப்பதக்கம்' முதலில் மேடை நாடகம். சிவாஜி கணேசன் நடிக்க, பி. மாதவன் இயக்கத்தில் 1974இல் திரைப்படமாயிற்று. காவல்துறை அதிகாரி எஸ்.பி. சௌத்ரி, தன் மகன் தவறான வழியில் செல்வதைக் கண்டு சிறுவயதிலேயே அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புகிறார். வளர்ந்து திரும்பும் மகன் தந்தையை வெறுக்கிறான், குற்றவாளியாகிறான். மனைவியின் மரணமும் சௌத்ரியைக் கடமையிலிருந்து அசைப்பதில்லை. இறுதியில் தேசத்துக்குத் துரோகம் செய்ய முற்படும் மகனைத் தந்தையே சுட்டுக் கொல்கிறார். அவருக்குப் பதக்கம் கிடைக்கிறது.

இதை மட்டமான எழுத்து என்று எவரும் சொல்லிவிட முடியாது. மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு இந்தக் கதை இரத்தத்தில் கலந்தது. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட அரசனின் இடத்தில் காக்கிச் சட்டை அணிந்த அதிகாரியை நிறுத்தினார் மகேந்திரன். நீதியும் தந்தைமையும் தண்டிக்கும் அதிகாரமும் ஒரே உடலில் குடியேறின. சிவாஜியின் நடையும் கம்பீரமும் அந்த உடலுக்கு அழியாத வடிவம் தந்தன. எங்கள் பகுதியில் ஒரு தலைமுறைக்குக் காவல்துறை அதிகாரி என்றாலே சௌத்ரிதான்.

மனுநீதிச் சோழன் கதையில் ஆராய்ச்சி மணி இருக்கிறது. பசு வந்து மணியை அடிக்கிறது, அரசன் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாகிறான். 'தங்கப்பதக்க'த்தில் அந்த மணி இல்லை. சௌத்ரியைக் கேள்வி கேட்கும் இடத்தில் படத்தில் எவரும் நிற்கவில்லை. கேட்பவன் மகன் ஒருவனே, அவனோ குற்றவாளி. ஆகவே அவன் கேள்வியும் குற்றமாகிவிடுகிறது. தான் எவரையும் தவறாகத் தண்டித்துவிடுவோமோ என்ற ஐயம் சௌத்ரிக்கு ஒரு கணமும் எழுவதில்லை. அவர் படும் துன்பமெல்லாம் சரியானதைச் செய்வதன் துன்பம்தான்.

பின்னால் வந்த காவல்துறைப் படங்கள் சௌத்ரியின் துயரத்தைக் கைவிட்டு, ஐயமின்மையை மட்டும் எடுத்துக்கொண்டன. 'சாமி' (2003), 'சிங்கம்' (2010) வரிசையில் அடிப்பதே நீதியாயிற்று. 'சிங்கம்' படத்தின் நாயகன் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நல்லூரின் உதவி ஆய்வாளன் என்பதைத் திரையரங்கில் பெருமையோடு கைதட்டி வரவேற்றவர்களில் நாங்களும் உண்டு. அந்தப் படங்களை இயக்கிய ஹரி, 2020இல் எங்கள் ஊர் நிகழ்வுக்குப் பின், காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை வெளியிட்டார். அதைச் சிலர் எள்ளினர். நாங்கள் எள்ளவில்லை. தமிழ்ச் சினிமாவில் தன் படைப்பின் விளைவுக்குப் பொறுப்பேற்றுப் பேசியவர்கள் மிகச் சிலரே. கைதட்டிய எங்களைப் போன்றோர் அப்படியோர் அறிக்கையும் வெளியிடவில்லை.

3

மகேந்திரன் 2019 ஏப்ரல் 2 அன்று காலமானார். 2020 நிகழ்வை அவர் காணவில்லை. எனவே அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிப்பது வீண். ஆனால் சௌத்ரிக்கு அவரே ஐந்தே ஆண்டுகளில் ஒரு மறுமொழி எழுதிவிட்டார் என்பதே எங்கள் வாதம். அதன் பெயர் 'உதிரிப்பூக்கள்' (1979).

அதற்கு முன் 'முள்ளும் மலரும்' வந்தது. உமாசந்திரனின் நாவலை எடுத்துக்கொண்டு, உரையாடலைக் குறைத்து, பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவையும் இளையராஜாவின் இசையையும் பேசவிட்ட படம். அதில் காளிக்கும் பொறியாளருக்கும் நடப்பது அதிகாரத்துக்கும் தன்மானத்துக்குமான மோதல். பொறியாளர் விதிப்படி நடப்பவர், நல்லவரும்கூட. ஆனாலும் படம் அவர் பக்கம் சாய்ந்துவிடவில்லை. இறுதிக் காட்சியில் காளி தங்கையின் திருமணத்துக்கு இசைகிறான், பொறியாளரைத் தனக்கு இப்போதும் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே. மேலதிகாரி சரியாகவே நடந்தாலும் கீழே இருப்பவனுக்குத் தன் கசப்பைச் சொல்ல உரிமையுண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் காட்சி அது. சௌத்ரியின் உலகில் அந்த உரிமை எவருக்கும் இல்லை.

'உதிரிப்பூக்கள்' இன்னும் தொலைவு சென்றது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்துக்கொண்டது தாயற்ற குழந்தைகளின் நிலையை மட்டுமே, மற்றவை அவருடையவை. ஆயினும் புதுமைப்பித்தன் பெயரைத் தலைப்பில் இட்டு நன்றி சொன்னார். கதையை உருவிக்கொண்டு பெயரை மறைப்பதே வழக்கமான துறையில் இது சாதாரணமானதன்று.

சுந்தரவடிவேலு ஊரின் பெரிய மனிதன், பள்ளியை நடத்துபவன். அவன் கொடுமையை ஊர் அறியும். நோயுற்ற மனைவி லட்சுமி சிறுகச் சிறுகச் சாவதை ஊர் அறியும். மனைவியின் தங்கை மேல் அவன் கண் வைத்திருப்பதும் தெரியும். ஊரார் நல்லவர்கள்தாம். பரிதாபப்படுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள், அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். விஜயனின் நடிப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அசோக்குமாரின் ஒளிப்பதிவையும் எல்லோரும் போற்றுவர். நாங்கள் கவனிக்கச் சொல்வது அந்த ஊராரை. ஏறக்குறைய படம் முழுவதும் அவர்கள் கண்டும் காணாமலும் இருக்கிறார்கள். இறுதியில் ஒருநாள் திரண்டு வந்து அவனை ஆற்றுக்குக் கொண்டு செல்கிறார்கள்.

அங்குதான் மகேந்திரன் தம் பழைய பேனாவை முறித்துப் போடுகிறார். வேறு எவர் எழுதியிருந்தாலும் அது தீயவனின் தண்டனைக் காட்சியாக, பார்வையாளன் மூச்சுவிட்டு எழுந்து செல்லும் இடமாக இருந்திருக்கும். இங்கோ சாகப்போகிறவன் ஊராரைப் பார்த்துப் பேசுகிறான். இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிட்டேன், நான் செய்த தவறுகளில் அதுவே பெரிது என்ற பொருள்பட. பிறகு நீரில் இறங்குகிறான். ஊரார் நிற்கிறார்கள். குழந்தைகள் இருவரும் மிஞ்சுகிறார்கள்.

அவன் இறுதிவரை தந்திரசாலிதான் என்று எங்களில் ஒரு நண்பர் வாதிடுகிறார். சாகும்போதும் தன் குற்றத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறான் என்பது அவர் கருத்து. இருக்கலாம். ஆனால் அவன் சொல்வது பொய்யன்று. அவன் கொடுமை செய்த காலத்தில் ஊராருக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. தோன்றியபோது அவர்கள் கைக்கு எட்டியது கொலை ஒன்றுதான். இடையில் இருந்திருக்க வேண்டிய எல்லாம், கேட்பதும் தடுப்பதும் சாட்சி சொல்வதும் வழக்காடுவதும், அந்த ஊரில் இல்லாமலே போயிருந்தன. அவற்றைப் பழக்கிக்கொள்ளாத சமூகத்துக்கு மௌனமும் ஆற்றங்கரையும் என்ற இரண்டு வழிகளே மிஞ்சுகின்றன. சௌத்ரியின் துப்பாக்கியை நாம் விரும்பியதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. நமக்காக வேறொருவர் ஐயமின்றித் தண்டித்துவிடுவார் என்றால், நாம் கேட்கவும் தடுக்கவும் வேண்டியதில்லையல்லவா?

4

இங்கு ஜெர்மனியை நினைவுகூர்வது பொருந்தும். 1962 பிப்ரவரியில் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவில் 26 பேர் கையெழுத்திட்டு, பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிவித்தனர். அவர்களில் ஒருவர் அலெக்ஸாண்டர் க்ளூகே. சட்டம் பயின்று வழக்கறிஞரானவர், சிறுகதையாளர், பின்பு இயக்குநர். அந்த ஆண்டில் வந்த தம் கதைத் தொகுப்பிலிருந்து ஒரு கதையை எடுத்து 1966இல் 'நேற்றிடமிருந்து விடைபெறல்' என்ற படத்தை எடுத்தார். கிழக்கு ஜெர்மனியிலிருந்து மேற்கே வந்த யூதப் பெண் அனிதா, சிறு திருட்டுக்காக நீதிபதி முன் நிற்பதில் தொடங்குகிறது அது. அவள் குடும்பத்துக்கு நேர்ந்தவை இந்த வழக்குக்குத் தொடர்பற்றவை என்கிறது நீதிமன்றம். தண்டிக்கும் அமைப்புக்கு ஐயமில்லை. ஐயம் முழுவதும் படத்துக்கு இருக்கிறது.

அதே ஆண்டில் ஃபோல்க்கர் ஷ்லோண்டார்ஃப், ராபர்ட் மூசிலின் 1906ஆம் ஆண்டு நாவலைக் கொண்டு 'இளம் டோர்லெஸ்' எடுத்தார். விடுதிப் பள்ளியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வதைப்பதை அறிவாளியான டோர்லெஸ் தடுக்காமல் கவனித்துக்கொண்டிருக்கிறான். வதைத்தவர்களைவிடப் பார்த்திருந்தவனையே படம் கூர்ந்து நோக்குகிறது. 1975இல் அவரும் மார்கரெத்தே ஃபான் ட்ரோட்டாவும் சேர்ந்து, ஹைன்ரிஷ் பொல் எழுதிய 'காதரீனா ப்ளூமின் இழந்த மானம்' கதையைப் படமாக்கினர். காவல்துறையும் பரபரப்புப் பத்திரிகையும் கைகோத்து ஓர் எளிய பெண்ணைச் சிதைப்பது கதை. ஹிட்லர் காலத்தில் நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள் என்று தந்தையரைக் கேட்ட தலைமுறை அது. அந்தக் கேள்வியிலிருந்தே அவர்களுடைய சினிமா பிறந்தது.

இந்த ஒப்பீட்டில் மகேந்திரனுக்குக் குறைவொன்றும் இல்லை. அவரும் எழுத்திலிருந்து வந்தவர், அவரும் இலக்கியத்தை எடுத்தாண்டவர், பார்த்திருந்தவர்களைப் பற்றிய மிகச் சிறந்த தமிழ்ப்படம் அவருடையது. வேறுபாடு வெளியே இருந்தது. அங்கு 1965 முதல் இளம் இயக்குநர்களுக்கென நிதி அமைப்பு இருந்தது, தொலைக்காட்சி நிலையங்களும் பணம் தந்தன. இங்கு அவர் ஒவ்வொரு முறையும் சந்தைக்கே திரும்பினார். ஒளிப்பதிவு உள்ளிட்ட தேசிய விருதுகள் பெற்ற 'நெஞ்சத்தைக் கிள்ளாதே', காவலர்கள் தேடும் குற்றவாளிகளையும் மனிதர்களாகக் காட்டிய 'ஜானி', பொன்னீலன் கதையிலிருந்து வந்த 'பூட்டாத பூட்டுகள்' மூன்றும் 1980இல் வந்தவை. பிறகு இடைவெளிகள் நீண்டன. கந்தர்வன் கதையைக் கொண்டு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக எடுத்த 'சாசனம்' 2006இல்தான் வெளிவந்தது. ஆக, 28 ஆண்டுகளில் 12 படங்கள்.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. ஷ்லோண்டார்ஃபின் படத்தை ஜெர்மானியர் தங்களைப் பற்றியதாகப் பார்த்து விவாதித்தனர். நாமோ 'உதிரிப்பூக்க'ளை அழகியலாக்கிப் பத்திரப்படுத்தினோம். மௌனம், ஒளி, இசை, குழந்தைகளின் கண்கள் என்று எழுதினோம். சிறுபத்திரிகை வாசகர்களாகிய நாங்கள் கூடுதலாக ஒன்று செய்தோம். 'சிற்றன்னை'க்கு விசுவாசமாக இருக்கிறதா இல்லையா என்று இருபது ஆண்டுகள் சண்டையிட்டோம். ஆற்றங்கரையில் நிற்கும் அந்த ஊரார் நாம்தான் என்று எவரும் எழுதி நாங்கள் வாசித்ததில்லை. நாங்களும் எழுதவில்லை.

5

மகேந்திரனின் இறுதிக்காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2016இல் அட்லீ இயக்கிய 'தெறி'யில் அவர் வில்லனாக நடித்தார். புதிய தலைமுறை அவர் முகத்தை அறிந்தது அதன் வழியேதான். அதில் ஒரு காவல்துறை அதிகாரி, கொடுங்குற்றம் செய்த இளைஞனை வழக்குக்கு உட்படுத்தாமல் தானே கொன்றுவிடுகிறார். திரையரங்கு ஆர்ப்பரிக்கிறது. கொல்லப்பட்டவனின் தந்தையாக வரும் அரசியல்வாதிதான் மகேந்திரன். மகனைக் கொல்லும் காவலரை உருவாக்கியவர், நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், காவலரால் கொல்லப்பட்ட மகனின் தந்தையாகத் திரையில் அமர்ந்திருந்தார். அந்தத் தந்தையின் துயரத்துக்குப் படத்தில் மதிப்பில்லை, அவர் வில்லன் ஆதலால். ஆனால் அடங்கிய குரலில் அவர் பேசும்போது, எழுதப்படாத ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருந்தது. 2016இல் எங்களுக்கு அது நல்ல நடிப்பு, அவ்வளவே. இன்று அந்தக் காட்சிகளைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

ஒரு படம் ஒரு மனிதனின் கையில் லத்தியைக் கொடுத்துவிடுவதில்லை என்பதை நாங்கள் அறிவோம். காவல் நிலையங்களில் நடப்பவற்றுக்குச் சட்டமும் நிர்வாகமும் சாதியும் கடைநிலைக் காவலரின் பணிச்சுமையும் என நூறு காரணங்கள் உண்டு. சினிமாவை முதற்காரணமாக்குவது எளிய தப்பித்தல். எனினும், அடிவிழும் ஒலி வெளியே கேட்கும்போது, ஏதாவது செய்திருப்பான், சும்மா அடிப்பார்களா என்று சொல்லிக்கொண்டு நடந்துபோகும் மனத்தை நமக்குத் தந்தவற்றில் சினிமாவுக்குப் பங்குண்டு. தண்டிப்பவர் தவறமாட்டார் என்ற நம்பிக்கையை நாம் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை, கொட்டகையில் கற்றோம்.

அந்த நம்பிக்கையைக் குலைக்கும் படங்களும் வந்துள்ளன. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'விசாரணை' (2015), த.செ. ஞானவேலின் 'ஜெய்பீம்' (2021) இரண்டும் அடிபடுபவரின் இடத்திலிருந்து காவல் நிலையத்தைக் காட்டின. அவை முக்கியமானவை. ஆயினும் அவற்றில் பார்வையாளன் அடிபடுபவனோடு சேர்ந்துகொள்ள முடிகிறது. அது ஒருவகையில் ஆறுதல். 'உதிரிப்பூக்கள்' அந்த ஆறுதலையும் தருவதில்லை. வாய்மூடி இருந்தவர்கள் வரிசையில் நம்மை நிறுத்திவிடுகிறது.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இது. மகேந்திரனை யதார்த்த இயக்குநர் என்ற பீடத்தில் ஏற்றி மாலையிட்டது போதும். 'தங்கப்பதக்க'த்தை அவர் கணக்கிலிருந்து கழிக்க வேண்டாம். அதை எழுதியவர்தான் இதையும் எடுத்தார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. தான் உருவாக்கிய நீதிமானை, தன் கையாலேயே ஐயத்துக்கு உட்படுத்திய எழுத்தாளர்கள் நம்மிடையே எத்தனை பேர்? வாய்ப்புள்ளவர்கள் இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள்களில் பார்க்க வேண்டும், தனியாக அல்லாமல் நாலு பேரோடு சேர்ந்து.

நாங்கள் அவ்வாறுதான் பார்த்தோம், ஒரு நண்பர் வீட்டு மாடியில். முதல் நாள் 'தங்கப்பதக்க'த்தை முழுவதும் ஓட்ட முடியவில்லை. மகனைச் சுடும் காட்சிக்கு முன் மூத்தவர் ஒருவர், போதும் தம்பி, நிறுத்துங்க என்றார். அவர் இளமையில் அதைப் பலமுறை பார்த்தவர். மறுநாள் 'உதிரிப்பூக்கள்' முடிந்தபின் வழக்கமாக நடக்கும் விவாதம் நடக்கவில்லை. நாற்காலிகளை மடக்கி வைக்கும்போது, அந்த இரவில் நாங்களெல்லாம் எங்கே இருந்தோம் என்று ஒருவர் கேட்டார். எந்த இரவு என்று எவரும் கேட்கவில்லை. ஊரடங்கு, வீட்டில்தான் இருந்தோம் என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதான். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லாமல் கலைந்தோம்.

இதில் மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் எழுதட்டும். படிக்கக் காத்திருக்கிறோம்.